தொப்பியைத் திருப்பிப் பாருங்கள்: பழைய ராணுவ பீக் கேப் சேர்க்க வருகிறவர்களுக்கு

பழைய பீக் கேப் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பேட்ஜைப் பார்க்கிறார்கள். அப்புறம் பீக்கில் தங்க வேலைப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்பக்கத்தைப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் மனம் இருந்தால். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்ஜை ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். லைனிங், தையல், தோல் பட்டை இவற்றை யாருக்கும் தெரியாமல் மாற்றுவது கடினம். நம் கொங்குப் பக்கத்து ஆட்களிடம் அது இன்னும் கடினம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் எங்கே போனாலும் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தே ரகம் சொல்கிற ஒருவர் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார். இந்தப் பொழுதுபோக்குக்கு அதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது.

நான் இங்கே பேசுவது அணிவகுப்புக்கும் அலுவலக உடைக்கும் போடுகிற, முன்னால் விளிம்பு நீட்டிய, மேலே வட்டத் தட்டு விரிந்த தொப்பியைப் பற்றி மட்டும். பெரே என்கிற விளிம்பில்லாத மெத்தென்ற துணித் தொப்பி, தலைப்பாகை, ஹெல்மெட் எல்லாம் தனிக் கதை.

உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டால் பேசுவது சுலபம். மேலே விரிந்திருப்பது தட்டு. தலையைச் சுற்றி வருவது பட்டை. தட்டின் ஓரத்திலும் பட்டையின் ஓரத்திலும் ஓடும் மெல்லிய வண்ணக் கோடு பைப்பிங். முன்விளிம்பு பீக். பீக்குக்கு மேல் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே கிடப்பது தாடைவார். உள்ளே நெற்றியில் படுவது வியர்வைப் பட்டை, பெரும்பாலும் தோல். தட்டு விறைப்பாக நிற்க உள்ளே ஒரு வளையம் செருகியிருப்பார்கள். இவ்வளவு போதும்.

படி 1: பட்டாளத்துத் தொப்பி அல்லாதவற்றைக் கழியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுவது இங்கேதான். நம் ஊரில் பழைய சாமான் கடையில் கிடைக்கும் பத்து பீக் கேப்களில் பெரும்பாலானவை பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்க்காதவை. மில் வாட்ச்மேன், தங்கும் விடுதிக் காவலாளி, கல்யாண பேண்டு செட், பள்ளிக்கூட பேண்டு, தீயணைப்பு, ஊர்க்காவல், ரயில்வே என்று எல்லோரும் பீக் கேப் போட்டிருக்கிறார்கள். விற்பவர் எல்லாவற்றுக்கும் வைக்கும் பெயர் ஒன்றுதான்: "மிலிட்டரிங்ணா, அந்தக் காலத்து மிலிட்டரி."

கழிப்பதற்குச் சில சுருக்கு வழிகள். பேட்ஜில் கோபுரம் இருந்தால் அது தமிழக அரசுத் துறை சார்ந்தது. துணி காக்கியாகவும் பேட்ஜில் சிங்க முத்திரையும் இருந்தால் காவல்துறை என்று முதலில் நினையுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தரைப்படை ஆலிவ் பச்சைக்குப் போய்விட்டது, காக்கி போலீஸோடு தங்கிவிட்டது. வெள்ளைத் தட்டு, கறுப்புப் பட்டை, நங்கூரம் என்றால் கடற்படை, அல்லது வணிகக் கப்பலில் வேலை பார்த்த யாரோ ஒருவருடையது. சாம்பல் கலந்த நீலம், பருந்து என்றால் விமானப்படை. சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் கோவை வட்டாரத்தில் இந்த ரகம் அடிக்கடி கண்ணில் படும். பட்டையில் பளபளக்கும் பிளாஸ்டிக் சரிகையும் பேட்ஜில் யாழும் இருந்தால் பேண்டு செட். அதை வாங்கிக் கொலுவில் வைக்கலாம்.

கோவையில் கடலே இல்லையே, கடற்படைத் தொப்பி எப்படி வந்தது என்று சிலர் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கு 'கருடா' என்ற பெயரில் விமானத் தளம் இருந்தது, விமானம் பழுதுபார்க்கும் பட்டறையோடு. இன்றைக்கும் ரெட்ஃபீல்ட்ஸில் 'ஐ.என்.எஸ். அக்ரானி' என்ற இந்தியக் கடற்படை நிலையம் இருக்கிறது. ஆக, நங்கூரம் போட்ட தொப்பிக்குக் கோவையில் வேலை இருந்திருக்கிறது.

இன்னொன்று. "எங்க அப்பாரு ரெண்டாம் உலகப் போருக்குப் போனவருங்க, இது அவரு தொப்பி" என்று நல்ல மனதோடு எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் காலத்து இந்தியச் சிப்பாய்கள் போட்டது பெரும்பாலும் தலைப்பாகை, பெரே, அல்லது ஓரம் மடித்த அகலத் தொப்பி. பீக் கேப் அதிகாரிகளுக்கு உரியதாகவே இருந்தது. அதனால் சிப்பாய் வீட்டில் பீக் கேப் இருந்தால், ஓய்வுக்குப் பிறகு மில்லில் பார்த்த செக்யூரிட்டி வேலையின் தொப்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படி 2: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

குன்னூர், வெலிங்டன் பக்கம் ஒரு கண் இருக்கட்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் கல்லூரியும் அங்கேதான். ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் மலையிலேயே தங்கிவிட்டார்கள். சிலர் மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கி வந்து வீடு கட்டினார்கள். அந்த வீடுகளைக் காலி செய்யும்போது பெட்டியோடு சாமான் வெளியே வரும். பழைய இரும்புக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் பித்தளை பேட்ஜ் வரும், தொப்பி வராது. தொப்பி வேண்டுமென்றால் மர பீரோ, பழைய டிரங்குப் பெட்டி வாங்கி விற்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் போய்க் கேட்கும்போது தொப்பியை முதலில் கேட்காதீர்கள். ஆளைக் கேளுங்கள். "ஏனுங்கம்மா, அய்யா பட்டாளத்துல எந்த ரெஜிமென்ட்டுங்க? எந்த வருசம் பென்சன் வந்தாருங்க?" இந்த இரண்டு கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் தொப்பியின் பாதி அடையாளம் கிடைத்துவிடும். போட்டோ இருந்தால் அனுமதி கேட்டு அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தொப்பியை மட்டும் வாங்கி, அந்தப் போட்டோவையும் பெயரையும் விட்டுவிட்டு வருகிறவர்களை நான் சேகரிப்பாளர் என்று சொல்லமாட்டேன்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் உள்பக்கப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம்.

படி 3: திருப்பிப் போட்டுப் படிப்பது

தொப்பியை மல்லாக்க மேசை மேல் வையுங்கள். பீக்கைப் பிடித்துத் தூக்காதீர்கள். பழைய பீக் அழுத்திய அட்டையிலோ நாரிலோ செய்து மெழுகியது. அது வெடித்தால் ஒட்டுவதற்கு வழியில்லை.

முதலில் வியர்வைப் பட்டை. பல வருடம் தலையில் இருந்த தோல் நெற்றி படும் இடத்தில் கறுத்து, பின்னால் வெளுத்திருக்கும். சுற்றிலும் ஒரே மாதிரிப் பழுப்பாக இருந்தால் டீத்தண்ணீரிலோ சாயத்திலோ நனைத்திருக்கலாம். தோலை மெதுவாகப் புரட்டி அதன் அடியிலுள்ள துணியைப் பாருங்கள். அங்கே வெளிச்சமும் வியர்வையும் அதிகம் படாததால் அசல் நிறம் மிச்சமிருக்கும். வெளித்துணிக்கும் அதற்கும் நிற வித்தியாசம் துளிகூட இல்லையென்றால், அந்தத் தொப்பி அதிகம் வெயில் பார்க்கவில்லை, அல்லது வயதாகவில்லை.

அப்புறம் அளவு. பிரிட்டிஷ், இந்திய, அமெரிக்கத் தொப்பிகளில் அளவு 6 7/8, 7, 7 1/8 என்று பின்னத்தில் வரும். ஜெர்மன், சோவியத் தொப்பிகளில் 56, 57, 58 என்று சென்டிமீட்டரில் வரும். 7 என்பது ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் தொப்பி என்று சொல்லி உள்ளே பின்னத்தில் அளவு இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பிறகு முத்திரையும் லேபிளும். பிரிட்டிஷ் அரசு கொடுத்த தொப்பிகளில் அகலமான அம்புக்குறி, வருடம், தயாரித்தவர் பெயர், அளவு எல்லாம் மையில் குத்தியிருப்பார்கள். அதிகாரிகள் சொந்தக் காசில் தைத்துக்கொண்டவற்றில் லண்டன் கடையின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். இந்தக் கடைப் பெயர்களே காலம் சொல்லும். கீவ்ஸ் என்ற கடையும் ஹாக்ஸ் என்ற கடையும் 1974இல்தான் ஒன்றாயின. இரண்டு பெயரும் சேர்ந்து 'கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ்' என்று இருக்கிற தொப்பி பர்மா யுத்தம் பார்த்திருக்க முடியாது, விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி.

அமெரிக்கத் தொப்பியில் இது இன்னும் சுலபம். ஒப்பந்த எண் அச்சிட்ட லேபிளில் டி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும், எண்களுக்கு நடுவே 67, 71 போல இரண்டு இலக்கங்களும் வந்தால் அவை நிதியாண்டு. டி.எஸ்.ஏ. என்பது அமெரிக்கப் படைகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்த அமைப்பு, 1962 முதல் 1977 வரை அந்தப் பெயரில் இருந்தது. அதற்குப் பிறகு டி.எல்.ஏ. என்று மாறிவிட்டது. லேபிளைப் படித்தாலே காலத்தை நிறுத்திவிடலாம்.

இந்திய அதிகாரியின் தொப்பியில் பேனாவால் எழுதிய எண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐ.சி. என்று தொடங்கினால் நிரந்தரப் பணி ஆணை (பெர்மனென்ட் கமிஷன்) பெற்ற அதிகாரி, ஜே.சி. என்றால் சுபேதார் வகை. எண்ணையும் பெயரையும் பொதுவில் போடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் தகவல்.

இனி நூல். பாலியஸ்டர் 1941இல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. துணிக்கும் தையல் நூலுக்கும் அது பரவலாக வந்தது 1950களில். ஆக, 1945க்கு முந்தியது என்று சொல்லும் தொப்பியின் தையலில் பாலியஸ்டர் நூல் இருந்தால், ஒன்று பழுதுபார்த்திருக்கிறார்கள், அல்லது முழுக்கப் புதிது. தையலுக்கு உள்ளே தொங்கும் ஒரு பிசிறை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் போல எரியும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் இதைச் செய்து காட்டுவார்கள்.

நோட்டுச் சரிபார்க்கும் ஊதா விளக்கும் உதவும். இருட்டில் அடித்துப் பார்த்தால் புதுக்காலத்து வெள்ளை நூல் பளீரென்று நீல வெள்ளையில் ஒளிரும். போருக்கு முந்தைய நூல் மங்கலாகவே இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய தொப்பியை யாராவது நல்ல எண்ணத்தில் சோப்புத்தூளில் அலசியிருந்தால் அதுவும் ஒளிரும்.

சரிகையைப் பற்றி நம்மூர்ப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலம், இளம்பிள்ளைப் பக்கம் சேலை எடுத்தவர்களுக்கு உலோகச் சரிகையும் பிளாஸ்டிக் சரிகையும் எப்படி வேறுபடும் என்று தெரியும். பழைய அதிகாரிகளின் கம்பி வேலைப்பாடு பேட்ஜ் காற்றுப் பட்டுக் கறுக்கும். ஐம்பது வருடம் கழித்தும் தகதகவென்று இருந்தால் அது உலோகம் இல்லை. இன்றைக்கும் இந்தக் கம்பி வேலை பேட்ஜ்களைப் பாகிஸ்தானின் சியால்கோட்டில் நிறையச் செய்கிறார்கள், நம் வாரணாசியிலும் செய்கிறார்கள். கைவேலை அருமையாக இருக்கும். அருமையாக இருப்பதாலேயே பழையது ஆகிவிடாது.

படி 4: இப்போது பேட்ஜைப் பார்க்கலாம்

கிரீடம்தான் முதல் சாட்சி. வளைவுகள் குவிமாடம் போல் மேலே எழும்பி நிற்பது ராஜா கிரீடம், 1901 முதல் 1952 வரை. வளைவு நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருப்பது ராணி எலிசபெத் காலத்துக் கிரீடம். இந்தியா 1950 ஜனவரி 26இல் குடியரசானபோது கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது: இந்திய ரெஜிமென்ட் பெயரோடு எலிசபெத் ராணி கிரீடம் போட்ட பேட்ஜ் இருக்கவே முடியாது. எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது நம் பட்டாளத்தில் கிரீடமே இல்லை. இருந்தும் அப்படிப்பட்டவை விற்பனைக்கு வருகின்றன. யாரோ ஒரு பட்டறையில் எந்த அச்சு கிடைத்ததோ அதை ஊற்றிவிட்டார்கள்.

ஒரு கண்ணியும் இருக்கிறது. 2022இல் சார்லஸ் மன்னரானதும் பிரிட்டன் திரும்பவும் குவிமாடக் கிரீடத்தையே எடுத்துக்கொண்டது. எனவே நேற்றுச் செய்த பிரிட்டிஷ் பேட்ஜும் 1940ஐப் போலவே தோன்றும்.

பேட்ஜின் முதுகைப் பாருங்கள். அசல் பேட்ஜ் பெரும்பாலும் தகட்டை அச்சில் அடித்துச் செய்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக, கூர்மையாகத் தெரியும். வார்ப்பில் ஊற்றிய நகலின் முதுகு தட்டையாக, அல்லது மணல்மணலாகச் சின்னக் குழிகளோடு இருக்கும். ஓரத்தில் அரம் போட்ட தடம் இருக்கும். பேட்ஜைக் கழற்றினால் அடியில் துணியில் ஒரு நிழல் விழுந்திருக்க வேண்டும். நிழல் வேறு வடிவத்தில் இருந்தாலோ, இந்தப் பேட்ஜுக்கு வேண்டியதைவிட அதிகத் துளைகள் இருந்தாலோ, முன்பு வேறு பேட்ஜ் இருந்திருக்கிறது.

பதவி சொல்லும் குறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியத் தரைப்படையில் பட்டை சிவப்பாக இருந்தால் கர்னலோ அதற்கு மேலோ. பிரிட்டிஷ் சடங்குத் தொப்பியின் பீக்கில் ஓக் இலை வேலை இரண்டு வரிசை என்றால் ஜெனரல். அமெரிக்கத் தரைப்படைப் பச்சைத் தொப்பியின் பீக்கில் தங்க இலை இருந்தால் மேஜரோ அதற்கு மேலோ. அமெரிக்கக் கழுகு வட்டத் தகட்டுக்குள் இருந்தால் சாதாரணப் படைவீரர், தகடு இல்லாமல் பெரிதாகத் தனியே நின்றால் அதிகாரி.

படி 5: எதில் தொடங்குவது

என் பரிந்துரை, சோவியத் தொப்பி. 1991இல் அந்த நாடு கலைந்தபோது கிடங்கு கிடங்காக வெளியே வந்துவிட்டதால் போலி செய்வதில் லாபம் குறைவு. வண்ணத்தை வைத்துப் படிப்பதற்கும் நல்ல பாடம். பட்டை சிவப்பு என்றால் காலாட்படை, கறுப்பு என்றால் டாங்கி, பீரங்கிப் பிரிவுகள், வெளிர்நீலம் என்றால் விமானப்படை, வான்குடைப்படை. தட்டே பச்சையாக இருந்தால் எல்லைக் காவல். உள்ளே தொழிற்சாலை, அளவு, வருடம் மையில் குத்தியிருக்கும். இதில் வரும் ஏமாற்று வேறு மாதிரி: சாதாரணத் தொப்பியில் ஏழெட்டு பின்களைக் குத்தி, சோவியத் உளவுத்துறையான 'கே.ஜி.பி.'யின் தொப்பி என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றவை. இரட்டைத் தலைக் கழுகு இருந்தால் அது சோவியத் அல்ல, அதற்குப் பின்வந்த ரஷ்யா.

அடுத்து 1950க்குப் பிந்தைய இந்தியத் தொப்பிகள். விலை கட்டுப்படியாகும், கதை கேட்க ஆள் பக்கத்திலேயே இருப்பார்கள். 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் எந்த ரெஜிமென்ட்டிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரித் தலையணி, ஒரே மாதிரி பேட்ஜ் என்று தரைப்படை முடிவு செய்தது. அதற்கு முன் மூத்த அதிகாரிகள் தத்தம் ரெஜிமென்ட் அடையாளத்தோடு அணிந்தவற்றை இப்போதே தேடி வைப்பது நல்லது.

ஜெர்மன் தொப்பிப் பக்கம் முதல் சில வருடம் போகாதீர்கள். அழகு என்னவோ உண்மைதான். பைப்பிங்கை வைத்தே பிரிவு சொல்லிவிடலாம்: வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கி, இளஞ்சிவப்பு டாங்கி, பொன்மஞ்சள் குதிரைப்படை. அதிகாரிக்கு வெள்ளி நிறக் கயிறு, மற்றவர்களுக்குக் கறுப்புத் தோல் வார். உள்ளே சாய்சதுர வடிவில் செல்லுலாயிடு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக் தாள், அதன் அடியில் எரெல், பெக்யூரோ போன்ற தயாரிப்பாளர் பெயர். ஆனால் இத்தனையையும் போலி செய்கிறவர்களும் படித்து வைத்திருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய தொப்பிகளில் பழைய கழுகை மாட்டி விற்பதும் நடக்கிறது. அதோடு, அதிலுள்ள ஸ்வஸ்திகா நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவது மாதிரியானது இல்லை. ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். வாங்கினாலும் வரலாற்றுப் பொருளாக உள்ளே வையுங்கள், வரவேற்பறையில் மாட்டாதீர்கள்.

படி 6: வீட்டில் வைப்பது

துவைக்காதீர்கள். பேட்ஜைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள், கறுப்பு ஏறியதுதான் அதன் வயதுச் சான்று. தோல் காய்ந்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மூர் வழக்கம். அது கம்பளிக்குள் ஊறிக் கறையாகி, பூச்சியையும் கூப்பிடும். பித்தளையும் தோலும் தொடும் இடத்தில் பச்சையாகப் பிசின் போலக் கட்டினால் ஒரு வேப்பங்குச்சியால் உலர்வாகச் சுரண்டி எடுங்கள்.

உள்ளே திணிக்கச் செய்தித்தாள் வேண்டாம், மையும் அமிலமும் இறங்கும். வெள்ளை பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி) வாங்கி, ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசி உலர்த்தித் திணியுங்கள். வண்ண வேஸ்ட் கூடவே கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், தட்டு சரிந்தால் திரும்ப நிமிராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு ஈரம் வருகிற ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, கோவைக்காரர்கள் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். அந்துருண்டை வைத்தால் செல்லுலாயிடிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் வையுங்கள். பூச்சி ஏற்கெனவே விழுந்திருந்தால் காற்றுப் புகாமல் பாலிதீனில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துக் கட்டைப் பிரியுங்கள். பீக்கில் மெழுகு வெடித்திருக்கும் தொப்பிக்கு இந்த வைத்தியம் ஆகாது.

படி 7: சட்டமும் நோட்டுப் புத்தகமும்

சேர்ப்பது வேறு, போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது வேறு. படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவர்களுடைய உடையை அணிவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 140இன் கீழ் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168இன் கீழ். மாப்பிள்ளை அழைப்பில் போட்டோவுக்காக மாட்டிக்கொள்கிற மச்சான்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூறு வயது தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு தொப்பிக்கும் நோட்டில் ஒரு பக்கம். முன், பின், இரு பக்கம், மேல், உள் என்று ஆறு படங்கள். எங்கே, யாரிடம், என்ன விலைக்கு, அவர் என்ன சொன்னார், நீங்கள் உள்ளே என்ன கண்டீர்கள். அவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். தொப்பியின் மேல் எண் எழுத வேண்டாம். நாடாவில் எழுதி, வியர்வைப் பட்டைக்குள் செருகினால் போதும்.